டாக்டருக்குப் பதவி கொடுத்தார்கள், அதிகாரம் கொடுத்தார்களா?

இன்றைய எபிசோட் ஒரு பதவியின் கதை. ராஜா, போர், கோட்டை எதுவும் இதில் கிடையாது. ஆனால் ஆரம்பிக்கிற இடம் என்னவோ செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்து ஊர்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி வட்டாரத்தில், அனந்தபுரம்னு ஒரு பேரூராட்சி இருக்கு. அங்கே ஒரு தெருவில் ஒரே வாரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வருதுன்னு வச்சுக்குங்க. அரசு டாக்டர் என்ன செய்வார்? உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுப்பார். முடியாத பிள்ளைக்கு டிரிப்ஸ் ஏற்றுவார். ரெண்டாவது நாளே அவருக்குப் புரிந்துவிடும், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, குழாயில்தான். ஆனால் குழாய் அவருடையது இல்லை. தண்ணி டேங்க் பேரூராட்சியுடையது. அதில் குளோரின் போடுகிற ஆள் செயல் அலுவலருக்குக் கீழே வேலை செய்கிறவர். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இடத்தைத் தோண்டிச் சரிசெய்யற பணம் பேரூராட்சி மன்றத்தின் கையில் இருக்கு.

ஆக, நோய் எங்கிருந்து வருதுன்னு தெரிந்தவர் ஒருத்தர். அதை நிறுத்தக்கூடியவர் வேறொருத்தர். இந்த ரெண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா? அதாவது, ஒரு மருத்துவரையே ஓர் ஊரின் சுகாதார அதிகாரியாக நியமித்தால் என்ன? இந்தக் கேள்விக்கு வயசு 170-க்கு மேல. அதற்கு ஒவ்வொரு காலத்திலும் என்ன பதில் சொன்னாங்க, எந்தப் பதில் எங்கே சறுக்கியது, அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

லிவர்பூலில் மூன்று பேர்

முதலில் கொஞ்சம் வெளியே போயிட்டு வருவோம். இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக நகரம். 1840-களில் அந்த ஊரின் ஏழைகள் ஆயிரக்கணக்கில் வீடுகளின் நிலவறைகளில் குடியிருந்தார்கள். வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, கழிவுநீர் போக வழியும் இல்லை. வில்லியம் ஹென்றி டங்கன் என்கிற மருத்துவர் அந்த மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் நோயாளிகளை மட்டும் பார்க்கவில்லை, கணக்கும் எடுத்தார். எந்தத் தெருவில் எத்தனை பேர், எத்தனை சாவு என்று பட்டியல் போட்டார். காய்ச்சல் வீடு பார்த்துத்தான் வருகிறது என்று காட்டினார்.

லிவர்பூல் நகரசபை 1846-ல் தனக்கென ஒரு சட்டம் வாங்கியது. 1847 ஜனவரியில் டங்கனை நகரத்தின் சுகாதார மருத்துவ அதிகாரியாக நியமித்தது. பிரிட்டனில் அப்படி ஒரு பதவியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். நல்ல நேரம் பார்த்துத்தான் நியமிச்சாங்கன்னு சொல்லணும். அந்த வருஷமே அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கான பேர் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். கூடவே டைபஸ் காய்ச்சலும் இறங்கியது. 1849-ல் காலரா.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, லிவர்பூல் டங்கனைத் தனியாக விடவில்லை. ஜேம்ஸ் நியூலாண்ட்ஸ் என்ற பொறியாளரையும், தாமஸ் ஃபிரஷ் என்ற சுகாதார ஆய்வாளரையும் சேர்த்தே வைத்தது. ஒருவர் நோயைப் படிப்பார், ஒருவர் சாக்கடை கட்டுவார், ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்.

இன்னொரு விஷயம், சம்பளம். டங்கனுக்கு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 300 பவுன், தனியார் பிராக்டிஸும் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. சீக்கிரமே அது சரிவராதுன்னு தெரிஞ்சு, 1848-ல் முழுநேர வேலையாக்கி 750 பவுன் கொடுத்தார்கள். ஏன் சரிவரல? காலையில் எந்த வீட்டுக்காரருக்கு "உன் நிலவறையை மூடு" என்று நோட்டீஸ் கொடுக்கிறாரோ, சாயங்காலம் அதே வீட்டுக்காரர் அவருக்கு ஃபீஸ் கொடுக்கிற நோயாளியாக வந்து உட்காருவார். இந்த முடிச்சைப் புரிஞ்சுக்கிட்டா இந்த எபிசோடில் பாதி புரிஞ்ச மாதிரி.

ஏன்னா, 1872-ல் இங்கிலாந்து முழுக்க ஒவ்வொரு சுகாதார வட்டாரமும் ஒரு மருத்துவரைக் கட்டாயம் நியமிக்கணும்னு சட்டம் வந்தப்போ, பெரும்பாலான ஊர்கள் டங்கன் மாதிரி முழுநேர ஆளை எடுக்கவில்லை. உள்ளூர் டாக்டரையே பகுதிநேரமாக, சொற்பச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. பிடிக்காத அறிக்கை எழுதினால் அடுத்த முறை நியமனம் நீடிக்காது. மேலிடத்தின் சம்மதம் இல்லாமல் உள்ளூர்சபை இவர்களை நீக்க முடியாது என்ற பாதுகாப்பு 1921-ல்தான் நாடு முழுக்கச் சட்டமானது.

நார்வேக்காரர் இப்சன் 1882-ல் எழுதிய 'மக்கள் விரோதி' நாடகத்தின் கருவே இதுதான். ஊரின் குளியல் நிலையத்துக்கு மருத்துவ அதிகாரியாக இருக்கிற டாக்டர், அந்தத் தண்ணீரில் கிருமி இருக்குன்னு கண்டுபிடிக்கிறார். ஊருக்கு வருமானமே அந்தக் குளியல் நிலையம்தான். மேயர் அவருடைய சொந்த அண்ணன். கடைசியில் ஊரே சேர்ந்து டாக்டருக்கு விரோதிப் பட்டம் கட்டுகிறது. சத்யஜித் ராய் இதையே 1989-ல் 'கணசத்ரு' என்று வங்காளத்தில் படமாக எடுத்தார். குளியல் நிலையத்துக்குப் பதில் ஒரு கோயில் தீர்த்தம். அவ்வளவுதான் வித்தியாசம். கதை நம்ம ஊருக்கு எவ்வளவு லேசா பொருந்திப் போச்சு பாருங்க.

தாது வருஷத்தில் ஒரு டாக்டரும் ஒரு துரையும்

சரி, நம்ம பக்கம் வருவோம். இந்தியாவில் மருத்துவரைச் சுகாதார அதிகாரியாக வைக்கும் எண்ணம் பொதுமக்களை நினைத்து வந்தது இல்லை. 1857-க்குப் பிறகு, இங்கே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சண்டையில் சாவதைவிட நோயில் சாவது அதிகம்னு லண்டனில் ஒரு ராயல் கமிஷன் விசாரித்தது. அதன் விளைவாக 1864-ல் வங்காளம், பம்பாய், மதராஸ் மூன்று மாகாணங்களிலும் சுகாதார கமிஷன்கள் வந்தன. கொஞ்ச நாளில் அது 'சானிட்டரி கமிஷனர்' என்ற ஒற்றை அதிகாரியாகச் சுருங்கியது. அவர் டாக்டர். அவருடைய வேலை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது, பிறப்பு இறப்புக் கணக்கைச் சேர்ப்பது, ஆண்டறிக்கை எழுதுவது, அரசுக்கு ஆலோசனை சொல்வது. உத்தரவு போடுவது அவர் வேலை இல்லை. அதைக் கலெக்டர் பார்த்துக்கொள்வார்.

மதராஸில் அந்தப் பதவியில் இருந்தவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ். சாதாரண ஆள் இல்லை. இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஜில்லா ஜெயில்களில் கைதிகளுக்கு என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று 1863-லேயே அறிக்கை போட்டவர். 1871-ம் ஆண்டு மதராஸ் மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவர்தான். ஓர் உழைப்பாளிக்கு உயிரோடு இருக்க எவ்வளவு தானியம் வேணும் என்று அன்றைய தேதிக்கு இந்த மாகாணத்தில் தெரிந்த ஒருத்தர்னா அது கார்னிஷ்தான்.

1876-ல் மழை பொய்த்தது. நம்ம பாட்டன் பூட்டன் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லிச் சொல்லி வைத்துவிட்டுப் போன அந்தப் பஞ்சம் வந்தது. வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளை பஞ்ச விவகாரங்களைப் பார்க்க மதராஸுக்கு அனுப்பினார். டெம்பிளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1873-74 பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவு செய்து மக்களைக் காப்பாற்றினார். சாவு குறைந்தது. ஆனால் "வீண் செலவு செய்தாய்" என்றுதான் அவருக்குக் கெட்ட பெயர் வந்தது. இந்த முறை அந்தப் பெயர் வரக்கூடாது என்று முடிவோடு வந்தார்.

நிவாரண வேலைத்தளங்களில் நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு சுமார் 450 கிராம் தானியம், அதோடு ஓரணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. 'டெம்பிள் கூலி' என்று இதற்குப் பெயரே நின்றுவிட்டது.

கார்னிஷ் எதிர்த்தார். குறைந்தது 680 கிராம் தானியம் வேணும், அதற்கு மேல் காய்கறி, பருப்பு வேணும், கடின வேலை செய்கிற உடம்பு இதற்குக் குறைந்தால் தாங்காது என்று எழுதினார். டெம்பிள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தர் கையில் கணக்கு இருந்தது, இன்னொருத்தர் கையில் கஜானா இருந்தது. கஜானா ஜெயிச்சது.

முழுசா ஜெயிக்கல, அதையும் சொல்லணும். 1877 மார்ச்சில் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. கார்னிஷ் கேட்டதற்கும் டெம்பிள் கொடுத்ததற்கும் நடுவில் ஒரு இடம். ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. பஞ்சத்தில் மாதம் என்பது சின்னக் கணக்கு இல்லை. இந்தியா முழுக்க அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பதுதான் குறைந்தபட்ச மதிப்பீடு.

கார்னிஷின் கதை என்ன சொல்லுது? டாக்டரை நியமித்தார்கள். மதித்தார்கள். அறிக்கையை அச்சுப் போட்டார்கள். ஆனால் அவர் வார்த்தைக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. அறிவு உண்டு, அதிகாரம் இல்லை.

இன்னொரு பக்கம்: அதிகாரம் மட்டும்

அப்படின்னா அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் போதுமா? அதற்கும் ஒரு கதை இருக்கு. இருபதே வருஷம் கழித்து, பம்பாய் மாகாணத்தில் பிளேக் வந்தது. 1897-ல் அவசர அவசரமாகத் தொற்றுநோய்ச் சட்டம் போட்டார்கள். நாலே நாலு பிரிவு. அரசு எது வேண்டுமானாலும் செய்யலாம், அதைச் செய்த அதிகாரி மீது வழக்குப் போட முடியாது. சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான் சட்டம்.

பூனாவில் பிளேக் குழுவுக்குத் தலைவராக வந்தவர் வால்டர் ராண்ட். அவர் டாக்டர் இல்லை, ஐ.சி.எஸ். அதிகாரி. குழுவில் ராணுவ மருத்துவர் ஒருவர் இருந்தாலும் வேலையை நடத்தியது ராணுவ பாணியில். சிப்பாய்கள் வீடு புகுந்து தேடினார்கள். பூஜை அறை, அடுக்களை எதுவும் விலக்கு இல்லை. நோயாளி என்று சந்தேகப்பட்டவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். சாமான்களை எரித்தார்கள். மக்கள் நோயைவிட அதிகாரிக்குப் பயந்து நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள்.

ஆக ரெண்டு பாடம். கார்னிஷுக்கு அறிவு இருந்தது, சட்டம் இல்லை. ராண்டிடம் சட்டம் இருந்தது, மக்களின் நம்பிக்கை இல்லை. ஓர் ஊரின் சுகாதார அதிகாரிக்கு இந்த ரெண்டும் வேணும். அது எப்படி சேரும்?

மாவட்டத்துக்கு ஒரு ஹெல்த் ஆபீசர்

இதற்கிடையில் உள்ளாட்சி என்று ஒன்று முளைத்துவிட்டது. ரிப்பன் பிரபு 1882-ல் போட்ட தீர்மானம், 1884-ல் மதராஸ் மாகாணத்தில் வந்த உள்ளாட்சிக் கழகச் சட்டம், நகராட்சிச் சட்டம். குடிநீர், சாக்கடை, சந்தை, திருவிழா எல்லாம் உள்ளாட்சியின் தலையில் வைக்கப்பட்டன. பணம் மட்டும் அந்த அளவுக்கு வரல. இப்பவும் கேட்டுப் பழகின கதைதான்.

1919 சீர்திருத்தத்தில் பொது சுகாதாரம் மாகாண மந்திரிகளின் பொறுப்புக்கு வந்தது. 1920 டிசம்பரில் நீதிக்கட்சி மந்திரிசபை. அதன் முதல் முதன்மை மந்திரி நம்ம தென்னாற்காட்டுக்காரர், அகரம் சுப்பராயலு ரெட்டியார். உடம்பு சரியில்லை என்று ஏழே மாதத்தில் விலகினார். அவருக்குப் பின் வந்தவர் பனகல் ராஜா. உள்ளாட்சித் துறை அவர் கையில் இருந்தது.

இந்தக் காலத்தில்தான் பழைய 'சானிட்டரி கமிஷனர்' பதவி 'பொது சுகாதார இயக்குநர்' ஆனது. 1922-ல் பொது சுகாதாரத் துறை தனித் துறையாக உருவெடுத்தது. தமிழ்நாட்டில் 2022-ல் அதற்கு நூற்றாண்டு கொண்டாடினார்கள், ஞாபகம் இருக்கலாம். அதையொட்டி மாவட்டத்துக்கு ஒரு மாவட்ட சுகாதார அதிகாரி. மருத்துவம் படித்தவர், அதற்கு மேல் பொது சுகாதாரமும் படித்தவர். அவருக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், அம்மை குத்துகிறவர்கள்.

அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தை நினைத்துப் பாருங்க. கடலூர் தலைமையிடம். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, கள்ளக்குறிச்சி, சிதம்பரம், விருத்தாசலம் எல்லாம் ஒரே மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான். இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு ஒரு டாக்டர். மேல்மலையனூரில் மாசித் திருவிழா என்றால் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். குளமும் கிணறும் தான் குடிநீர். காலரா பரவ இதைவிட வசதியான இடம் கிடையாது. கிணற்றில் மருந்து போடுவது, கழிப்பிடத்துக்கு இடம் ஒதுக்குவது, நோய் கண்டவரைத் தனியாக வைப்பது, இதெல்லாம் தான் அவர் வேலை. ஊசி போட்டு ஒருவரைக் காப்பாற்றுகிற டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவோம். கிணற்றில் மருந்து போட்டு ஆயிரம் பேரைக் காப்பாற்றுகிற டாக்டரை "தண்ணி நாறுது" என்று திட்டுவோம். அந்தப் பதவியின் ஜாதகமே அப்படி.

1939: சட்டம் வாய் திறக்கிறது

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை. பொது சுகாதார மந்திரி யார் தெரியுமா? டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். திருச்சியில் ஆஸ்பத்திரி நடத்திய மருத்துவர், வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் ராஜாஜியோடு நின்றவர். அவர் கையில் இருந்த இன்னொரு இலாகா அறநிலையத் துறை. சுகாதாரமும் கோயிலும் ஒரே மந்திரியிடம்.

அந்த மந்திரிசபை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்வதற்குள் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. 1939-ம் ஆண்டின் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இந்த அளவுக்கு விரிவான பொது சுகாதாரச் சட்டம் அதுதான் முதல். 1897 சட்டத்தில் நாலு பிரிவு என்று சொன்னேன் இல்லையா, இதில் நூற்றுக்கும் மேல். குடிநீர், கழிவுநீர், கொசு, உணவு, தங்கும் விடுதி, தாய்சேய் நலம், தொற்றுநோய், சந்தையும் திருவிழாவும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அத்தியாயம்.

நம்ம கேள்விக்கு இந்தச் சட்டம் மூணு பதில் சொல்லுது.

முதல் பதில், நியமனம் பற்றியது. உள்ளாட்சி விரும்பினால் டாக்டரை வைத்துக்கொள்ளலாம் என்பதோடு நிற்கவில்லை. அரசு சொன்னால் சுகாதார அதிகாரியை நியமித்தே ஆகணும். அந்த அதிகாரி உள்ளாட்சியோடு சேர்ந்து வேலை செய்வார், ஆனால் தொழில் விஷயத்தில் அவருக்கு மேலே பொது சுகாதார இயக்குநர் இருப்பார். அதாவது, ஊர்த் தலைவருக்குக் கோபம் வந்தால் டாக்டரின் தலை உருளாது.

இரண்டாவது, அதிகாரம். தொற்றுநோய் கண்டால் மற்ற மருத்துவர்கள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வீட்டைப் பார்வையிடலாம், கிருமிநீக்கம் செய்யச் சொல்லலாம், கெட்டுப்போன தண்ணீரைக் குடிக்கத் தடை கேட்கலாம். ராண்டுக்கு இருந்த அதிகாரம் மாதிரியே தெரியுதா? ஒரு வித்தியாசம் இருக்கு. இங்கே எதைச் செய்யலாம், எந்தச் சூழ்நிலையில் செய்யலாம், யார் செய்யலாம் என்று சட்டமே கோடு போடுகிறது. "எது வேண்டுமானாலும்" என்ற வார்த்தைக்குப் பதில் நூறு பிரிவு.

மூன்றாவது, பணம். எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அரசு மானியம் தவிர்த்த தன் வருமானத்தில் ஒரு நகராட்சி 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்கணும். மாவட்டக் கழகம் பன்னிரண்டரை சதவீதம். கார்னிஷுக்கு இல்லாமல் போனது எதுவோ, அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஏழு வருஷம் கழித்து, 1946-ல் போர் குழு இந்தியா முழுமைக்கும் சுகாதாரத் திட்டம் எழுதியபோது இதே அளவுகளையே பரிந்துரைத்தது.

கடலுக்கு அந்தப் பக்கம்

இதே காலத்தில் இலங்கை வேறொரு வழியில் போனது. 1926-ல் களுத்துறையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு 'சுகாதார அலகு' தொடங்கினார்கள். குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு ஒரு மருத்துவர், அவரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மருத்துவச்சிகள். இந்த டாக்டர் வார்டில் நோயாளி பார்க்க மாட்டார். அவருடைய நோயாளி அந்தப் பகுதி முழுவதும். பிறகு அந்த ஏற்பாடு தீவு முழுக்கப் பரவியது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் போய் 'சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை' எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். சாதாரண ஜனத்துக்கு அந்தப் பதவியின் பெயர் தெரியும். நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு, 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. வைத்தியமும் தடுப்பும் ஒரே கூரைக்குக் கீழே வரட்டும் என்பது எண்ணம். எண்ணம் நல்லதுதான். ஆனால் வரிசையில் அறுபது நோயாளி நிற்கும்போது எந்த டாக்டர் எழுந்து போய்த் தண்ணி டேங்கைப் பார்ப்பார்? வைத்தியம் தடுப்பைத் தின்றுவிடும். பல மாநிலங்களில் பொது சுகாதாரத் துறையே மருத்துவத் துறைக்குள் கரைந்துபோனது.

தமிழ்நாடு கரைக்கவில்லை. தனி இயக்குநரகம், தனி பட்ஜெட், பொது சுகாதாரம் படித்த மருத்துவர்களுக்கென்றே தனிப் பணிப்பிரிவு, இவற்றை விடாமல் வைத்துக்கொண்டது. உலக வங்கியில் இருந்த மோனிகா தாஸ் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் மற்ற மாநிலங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்று இதைத்தான் எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று 2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர், நாகப்பட்டினம் கரையில் அத்தனை சாவு, அத்தனை பேர் முகாம்களில். அதற்குப் பிறகு பெரிய கொள்ளைநோய் எதுவும் கிளம்பவில்லை. அது தானாக நடக்கலை. பிளீச்சிங் பவுடர் மூட்டைகளோடும் தடுப்பூசிப் பெட்டிகளோடும் சுகாதார ஆய்வாளர்கள் முகாம் முகாமாக அலைந்ததால் நடந்தது. வராத நோய் எந்தப் பத்திரிகையிலும் செய்தியாக வராது, அதனால் நமக்கு அது தெரியாது.

1939 சட்டம் செத்துப்போகவும் இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது, முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதிக்க இந்தச் சட்டத்தைத்தான் அந்த செப்டம்பரில் திருத்தினார்கள். நீங்களோ உங்க பக்கத்து வீட்டுக்காரரோ 200 ரூபாய் கட்டியிருந்தால், அது 81 வருஷப் பழைய சட்டத்துக்குக் கட்டிய பணம்.

பேரூராட்சியில் யார்?

இப்போ நம்ம முதல் கேள்விக்கு என்ன பதில்? மாநகராட்சியில் மாநகர் நல அலுவலர் என்று ஒரு மருத்துவர் இருக்கிறார். பெரிய நகராட்சிகளில் நகர்நல அலுவலர். பேரூராட்சியில் அப்படி ஒரு டாக்டர் கிடையாது. அனந்தபுரம் போன்ற ஊருக்கு டாக்டர் என்பவர் சுகாதாரத் துறையின் வட்டார மருத்துவ அலுவலர். அவருக்கு மேலே மாவட்ட சுகாதார அலுவலர். தண்ணீரும் குப்பையும் சாக்கடையும் வேறொரு துறையின் கீழ், செயல் அலுவலரிடம். சட்டத்தில் பாலம் உண்டு. ஆனால் அந்தப் பாலத்தில் தினமும் நடக்கிறது ஒரு கடிதம்தான்.

இதற்காக ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒரு டாக்டரை நியமிக்க முடியுமா? முடியாது, தேவையும் இல்லை என்பது என் கருத்து. பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் இருக்கிற ஊருக்குத் தனி டாக்டர் வைத்தால், அவர் 1872-க்குப் பிந்தைய இங்கிலாந்தின் பகுதிநேர டாக்டர் மாதிரி ஆகிவிடுவார். உள்ளூர்ப் புள்ளிகளின் முகத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். அவர் வெளியே இருப்பதே அவருக்குப் பலம். ஆனால் வெளியே இருக்கிறவரின் வார்த்தை உள்ளே ஏறணும். அதற்குத்தான் வழி செய்யணும்.

இந்த வரலாறு முழுவதையும் பிழிந்தால் வருகிற சாரம் ஒன்றுதான். டாக்டரை நாற்காலியில் உட்கார வைப்பது சுலபமான பகுதி. 1864-லேயே அதைச் செய்துவிட்டார்கள். கஷ்டமானது அதற்குப் பிறகு வருவது. அவர் எழுதும் கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் சொல்லணும், பதில் வராவிட்டால் என்ன ஆகும், சரிசெய்யற பணம் எந்தத் தலைப்பில் இருக்கு, உண்மையைச் சொன்னதற்காக அவரை யார் மாற்றலாம். இந்த நாலுக்கும் பதில் இருக்கிற ஊரில் சுகாதார அதிகாரி இருக்கிறார். பதில் இல்லாத ஊரில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது.

உங்க ஊர் பேரூராட்சி அல்லது நகராட்சியின் பட்ஜெட் நகலை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. கேட்டால் கொடுக்க வேண்டிய ஆவணம்தான் அது. அதில் குடிநீரைச் சோதிக்க, குழாய் மாற்ற, சாக்கடை சரிசெய்ய எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க, அதில் எவ்வளவு நிஜமாகவே செலவாகியிருக்குன்னு பாருங்க. கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும்போது ரோட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி, டேங்கில் குளோரின் அளவை யார் பார்க்கிறாங்க, டாக்டருக்கு அந்தக் கணக்கு போகுதா என்றும் கேளுங்க. கார்னிஷ் தனியாக நின்று கேட்டார். ஓர் ஊரே கேட்டால் கதை வேற மாதிரி போகும்.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.